எங்கேயாவது என்று நீ சொன்ன இடம்

அன்புள்ள மகனுக்கு,

நீ இந்நேரம் புதிய அலுவலகத்தில் உன் கதிரையில் இருப்பாய். அப்பா அயன் பண்ணித் தந்த சட்டை பஸ்ஸில் கசங்காமல் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன். இனி என் முறை. நீ பஸ் ஏறிய நேரத்திலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சோறு வடிக்கிறபோதும் மனதுக்குள் உன்னோடு வாக்குவாதம், துணி தோய்க்கிறபோதும் உன்னோடுதான் வாக்குவாதம். நீ பக்கத்தில் இருந்தால் நாலு வார்த்தை ஏசி முடித்திருப்பேன். இல்லாதபடியால் எழுத வேண்டியிருக்கிறது. எழுதத் தொடங்கினால் நான் சுருக்கமாக நிறுத்துகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு பிரதியைப் பங்குச் சுவாமியாரிடம் கொடுத்துக் கோயில் சஞ்சிகையில் போடச் சொல்லப் போகிறேன். வீட்டுக் கதையை ஏன் வீதிக்குக் கொண்டுபோகிறாய் என்று நீ கோபிப்பாய். இது வீதியில் தொடங்கிய கதை, தம்பி. உன்னைப் போலப் படித்து உத்தியோகத்துக்குப் போகக் காத்திருக்கிற பிள்ளைகள் இந்தக் குடியிருப்பில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

நேற்று மத்தியானம் உன்னை வழியனுப்புவதற்காக எல்லாரும் ஒன்றாயிருந்து சாப்பிட்டோம். குளத்து மீன் குழம்பை அப்பா வழக்கம்போல மூக்கைச் சுளித்துக்கொண்டே இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். பக்கத்து வீட்டுப் பிலோமினா காலையிலேயே வந்து, தேங்காய் துருவியதிலிருந்து அப்பளம் பொரித்தது வரை எனக்குக் கைகொடுத்தாள். உன் வேலை என்ன மாதிரி என்று அவள்தான் கேட்டாள். நீ பெருமையாகச் சொன்னாய், அந்தப் பட்டணத்துக் குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்கிற தீர்மானம் இனி உன் கையெழுத்தோடுதான் நடக்கும் என்று. ஓர் இடமும் பார்த்து வைத்திருக்கிறார்களாம், ஊருக்கு வெளியே, வெறுங்காணியாம். "பக்கத்தில ஆரும் இருக்கினமோ தம்பி?" என்று பிலோமினா கேட்டாள். நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, "கொஞ்சக் குடும்பங்கள் இருக்கு மாமி. என்ன செய்யிறது, எங்கையாவது கொட்டத்தானே வேணும்" என்று சொல்லிச் சிரித்தாய். பிலோமினா அகப்பையை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். உனக்கு அது தெரியவில்லை. உன் தங்கச்சிக்குத் தெரிந்தது, அப்பாவுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரிந்தது. பயணம் போகிற பிள்ளையை ஏசி அனுப்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் நீ இல்லை. முதலில் சொன்னவர் முன்னால் நீயும் எங்களோடு நின்றாய். அன்றைக்கு உனக்கு வந்த கோபத்தில் உன் காதெல்லாம் சிவந்து போயிருந்தது. அதே வார்த்தையை, ஓர் எழுத்தும் குறையாமல், நீயே பிலோமினாவின் முகத்துக்கு நேரே சொல்வாய் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பேன். படிப்பு மறதியைத் தருமா, கதிரை மறதியைத் தருமா, எனக்குத் தெரியாது. நீ மறந்துபோனாய். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாக வாசி.

நாங்கள் முல்லைத்தீவுக் கரையை விட்டு வெளிக்கிட்டபோது நீ சின்னப் பிள்ளை. கடலுக்குப் போகத் தடை, கரையில் நிற்கவும் பயம், எந்த நேரமும் ஷெல். சனம் ட்ரக்டர் பெட்டிகளில் அலுமாரியும் கட்டிலும் ஏற்றிக்கொண்டு போனது. உன் அப்பா கரைவலைக் கயிற்றை ஏற்றினார். வலை, அதை வைத்திருந்த கரையோர வாடிக் கொட்டிலோடு சேர்ந்து எரிந்துபோயிருந்தது, மிஞ்சியது அந்தக் கயிறு மட்டும்தான். கடலே இல்லாத இடத்துக்கு இது எதற்கு, அந்த இடத்தில் என் தையல் மெசினை வைக்கலாமே என்று நடுவீதியில் நின்று சண்டை பிடித்தேன். "கயிறு கிடந்தா வலையைப் பிறகு முடியலாம்" என்றார். மெசின் அங்கேயே கிடந்து போனது. இன்றுவரை அதை நான் சொல்லிக் காட்டாத கிழமை இல்லை. நீ அந்தக் கயிற்றுச் சுருளின் மேல் இருந்துதான் வந்தாய், அதன் மேலேயே நித்திரையும் கொண்டாய். காட்டோரம், பள்ளிக்கூடம், கோயில் வளவு என்று எங்கெல்லாமோ இருந்துவிட்டுக் கடைசியில் வவுனியாப் பக்கம் இந்தக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தபோது நீ என் தோளுயரம் வளர்ந்திருந்தாய். கயிறும் கூடவே வந்து சேர்ந்தது.

தறப்பாள் கொட்டில் போட்ட கையோடு கிணறு வெட்டினோம். அதில்தான் பிழைவிட்டோம். எங்கள் கரையில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் கிடக்கும். மணலில் ஓராள் ஆழம் தோண்டினால் போதும், இனிப்பான தண்ணீர் ஊறும். அதற்குக் கீழே போனால் உப்பு. ஆசைப்பட்டு ஒருவன் ஆழமாகத் தோண்டினால் அவனுடைய கிணற்றோடு அயலவர் கிணறுகளும் உவர்த்துப் போகும். ஆகையால் தண்ணீர் தெரிந்ததும் மண்வெட்டியைக் கீழே வைப்பது எங்களிடம் ஒரு மரியாதை. அந்த மரியாதையை இந்தச் செம்மண்ணுக்கும் கொண்டுவந்தோம். ஹனிபா நானா சைக்கிளை நிற்பாட்டிப் பார்த்தார். முல்லைத்தீவில் எங்கள் கருவாட்டை வாங்கி விற்றவர், முஸ்லிம் சனத்தை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது எங்களுக்கு முன்னரே வெறுங்கையோடு இந்தப் பக்கம் வந்தவர், இப்போது குடியிருப்புக்குப் பக்கத்தில் குத்தகைக் காணியில் கத்தரியும் மிளகாயும் வைக்கிறவர். "இது கடக்கரை இல்லைத் தங்கச்சி. இஞ்ச மேல்தண்ணியை நம்பேலாது, கல்லுக்குக் கீழ போங்கோ" என்றார். கருவாட்டு வியாபாரி கிணறு வெட்டச் சொல்லித் தருகிறார் என்று அப்பா பகிடி விட்டார், நாங்கள் எல்லாரும் சிரித்தோம். கரையில் பிறந்தவர்களைத் தவிர வேறு யாரும் அந்த ஆழத்தில் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

பிறகு குப்பை வந்தது. அது எந்தப் பட்டணத்துக் குப்பை என்று பெயர் எழுத மாட்டேன், எழுதினால் அங்கே இருக்கிற நல்ல சனமும் கோபிக்கும். ஒரு நாள் ஒரு ட்ரக்டர் வந்து குடியிருப்பின் மேட்டுப் பக்கத்துப் பற்றைக் காணியில் பெட்டியைச் சரித்துவிட்டுப் போனது. கேட்டதற்குத் தற்காலிகம் என்றார்கள். எங்களையும் தற்காலிகம் என்று சொல்லித்தான் இங்கே இருத்தினார்கள், அதனால் அந்தச் சொல்லின் நீளம் எவ்வளவு என்று எங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். சந்தையில் அழுகின மரக்கறி, இறைச்சிக்கடைக் கழிவு, கோழிச் செட்டை, லொட்ஜுகளில் மிஞ்சின சோறு, எங்கிருந்தோ வந்த பஞ்சும் ஊசியும், எல்லாவற்றையும் மூடிக்கொண்டு பொலித்தீன் சொப்பின் பைகள். காகமும் நாயும் எங்கள் கொட்டில்களைத் தங்கள் வீடாக்கிக்கொண்டன. முறைப்பாடு சொல்லப் பட்டணத்துக்குப் போக வேண்டுமென்றால் எங்களுக்குப் பாஸ் என்கிற அனுமதிச்சீட்டு வேண்டும். பாஸ் எடுக்க ஒரு வரிசை, காரணம் சொல்ல ஒரு வரிசை. அந்தக் குப்பைக்கு மட்டும் ஒரு பாஸும் தேவைப்படவில்லை, ஒவ்வொரு நாளும் நினைத்த நேரத்துக்கு எங்களிடம் வந்து சேர்ந்தது. ஏன் இந்த இடத்தைத் தெரிந்தெடுத்தார்கள்? எங்களுக்கு அங்கே வாக்கு இல்லை, காணி உறுதி இல்லை, நாளைக்கு இருப்போமா என்பதே தெரியாது. வீடு வாசலோடு இருக்கிற சனத்தின் மேட்டில் கொண்டுபோய்க் கொட்டிப் பார்த்திருப்பார்களா?

மாரி தொடங்கியது. மேட்டிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் வடிந்து வந்தது. கண்ணுக்குத் தெரிந்தது வடிந்து ஓடிப் போனது, தெரியாதது மண்ணுக்குள் இறங்கி ஆழமில்லாத எங்கள் பதிந்த கிணற்றுக்கு வந்தது. முதலில் தேத்தண்ணீரில் ஒரு மணம் என்று உன் தங்கச்சி சொன்னாள். படிக்காமல் இருக்கச் சாட்டுச் சொல்கிறாள் என்று ஏசினேன். பிறகு அவளுக்கே நெருப்புக்காய்ச்சல் வந்தது. வரிசையாகக் கொட்டிலுக்குக் கொட்டில் வந்தது. அவள் பிழைத்தாள், தலைமயிர் முழுவதும் கொட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்துக்குத் துணி கட்டிக்கொண்டு போனாள். அவளைப் பகிடி பண்ணின பெடியனோடு நீ அடிபட்டுச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தாய், அது ஞாபகம் இருக்கிறதா? பிலோமினாவின் ஜெசிந்தா பிழைக்கவில்லை. கதைக்கத் தொடங்கி அதிக காலம் ஆகாத பிள்ளை. உன்னைக் கண்டால் "அன்னா" என்று மழலையில் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வரும். ஆசுபத்திரிக்குப் போன பிள்ளை திரும்பி வரவில்லை. சவப்பெட்டியை நீயும் ஒரு பக்கம் தூக்கினாய். பாரமே இல்லை அம்மா என்று என்னிடம் வந்து சொல்லிவிட்டு அழுதாய்.

அதற்குப் பிறகுதான் ஓர் அதிகாரி வந்தார். நல்லவர்தான், குரலை உயர்த்தவில்லை, சப்பாத்து மட்டும் புதிதாக இருந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பதிஞ்ச கிணத்தில தண்ணி குடிச்சா வருத்தம் வராம என்ன செய்யும்?" என்றார். காற்று குப்பைமேட்டுப் பக்கமிருந்து வீசியதால் மூக்கைப் பொத்தினாரே தவிர, அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மரத்தின் கீழ் எங்களை இருத்தி, கை கழுவுகிற படம் காட்டி வகுப்பு எடுத்தார். கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். கொதிக்க வைக்க விறகு வேண்டும். விறகுக்குக் காட்டுக்குள் போனால் சுடுவார்கள் அல்லது மிதிவெடி வெடிக்கும், போகாமல் கிட்டத்து மரத்தை வெட்டினால் காட்டை அழிக்கிற அகதிகள் என்று பேப்பரில் எழுதுவார்கள். பிலோமினா அந்த வகுப்பில் முன்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் புதைத்த மண் காயவில்லை, அவளுக்குச் சவர்க்காரம் போடப் பழக்குகிறார்கள். கிணறு பதிந்ததுதான். அது எங்கள் பிழைதான், ஹனிபா நானாவின் சொல்லைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் பதிந்த கிணறு தானாக நஞ்சாகாது, மகனே. யாரோ ஊற்றினால்தான் நஞ்சாகும். எங்கள் பிழையைப் பிடித்துக்கொண்டு தங்கள் குற்றத்தை மறைத்தார்கள், அதைத்தான் நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

அன்றைக்கு அந்த வகுப்பு கலைந்த பிறகு பிலோமினாதான் எங்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணை, அந்தக் கயிறு கிடக்குதோ?" என்று அப்பாவிடம் கேட்டாள். கரைவலை இழுக்கிற விதம் நீ சின்னதில் பார்த்திருக்கிறாய். கயிற்றின் இரண்டு நுனியும் கரையில் இரண்டு இடத்தில் இருக்கும், இரண்டு வரிசை ஆட்கள், மண்டாடி மீனைப் பார்த்துக் குரல் கொடுப்பார், அந்தக் குரலுக்கு எல்லாரும் ஒன்றாக அடியெடுத்து வைத்து இழுப்பார்கள். ஒரு வரிசை தளர்ந்தால் வலையின் மடியிலுள்ள மீன் முழுவதும் போய்விடும், அதனால் தொட்ட கயிற்றை வலை கரைக்கு வரும்வரை ஒருவரும் விட மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வழியால் போகிறவன் வந்து கயிற்றில் கை வைத்தாலும் அவனுக்கு ஒரு பங்கு உண்டு. நீ யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்க மாட்டார்கள். கயிற்றைப் பிடித்தாயா, பங்கை எடுத்துக்கொண்டு போ. பெண்கள் கயிறு இழுக்கிற வழக்கம் மட்டும் இருக்கவில்லை, நாங்கள் வலையில் வந்த மீனைத் தரம் பிரிக்கிறவர்கள். அடுத்த நாள் காலை ட்ரக்டர் வருகிற பாதைக்குக் குறுக்கே அந்தக் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் நின்றது முழுவதும் பெண்கள். அப்பா மேட்டில் ஏறி நின்று மண்டாடிக் குரல் கொடுத்தார். கடலை விட்டு வந்த பிறகு அந்தக் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன், என் மெசினுக்காக அவரை ஏசியதெல்லாம் அந்த நேரம் மறந்து போனது.

ட்ரக்டர் ஓட்டி வந்தவர் ஒரு நடுவயது மனிதர், அவரும் எங்களைப் போல இன்னொரு முகாமிலிருந்து கூலிக்கு வந்தவர்தான். "அக்கா, கொட்டாமப் போனா எனக்கு நாளைக்கு வேலை இல்லை" என்றார். அது எனக்கும் தெரியும் என்றேன், இறங்கி வந்து நீங்களும் கயிற்றைப் பிடியுங்கோ என்றேன். அவர் சிரித்தார். வெயில் ஏறியது, கயிறு இறங்கவில்லை. மத்தியானம் ஆனதும் அவர் இறங்கி வந்து, ஏதோ பகிடிக்குப் போலக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா அதைப் பகிடியாக எடுக்கவில்லை. எங்களுக்குச் சமைத்த கஞ்சியில் முதல் கிண்ணத்தை அவருக்குக் கொடுக்கச் சொன்னார், பங்கு என்றால் பங்குதான். அன்றிலிருந்து அந்த மனிதர் எங்கள் ஆள். நிறைந்த பெட்டியோடே திரும்பிப் போனார், அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். குப்பை சந்தை வாசலில் குவியத் தொடங்கிய பிறகுதான் அது மணக்கும் என்பது பட்டணத்துக்குத் தெரிந்தது.

அப்போது எங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பாஸ் அவர்களே அனுப்பினார்கள், பார்த்தாயா, மனம் இருந்தால் எல்லாம் கிடைக்கும். உன்னை எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் என்று கூட்டிக்கொண்டு போனோம். அங்கே அந்தப் புதுச் சப்பாத்துக்காரர் எங்களைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார், "நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா எங்கையாவது கொட்டத்தானே வேணும்." உன் காது சிவந்தது அப்போதுதான். பிலோமினா எழும்பினாள். கூட்டங்களில் கதைத்துப் பழக்கமில்லாதவள், கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள், "எங்கையாவது எண்டு ஒரு இடம் இல்லை ஐயா. எங்க போனாலும் அங்க ஆரோ இருக்கினம்." நேற்று நீ அப்பளம் நொறுக்கிக்கொண்டு அந்த அதிகாரியின் வார்த்தையை அவளிடமே திருப்பிச் சொன்னாய். அவள் குசினிக்குள் போய் அழுதாள் என்று நினைக்கிறாயா? அழவில்லை. உனக்குக் கட்டித் தருவதற்கு முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். அது எனக்கு இன்னும் பொறுக்க முடியாமல் இருந்தது.

அந்தக் கூட்டத்தில் நாங்கள் வெறுமனே மாட்டோம் என்று சொல்லிவிட்டு வரவில்லை. மரக்கறிக் கழிவைத் தனியாகப் பிரித்துக் கொண்டுவந்தால் நாங்களே குழி வெட்டிப் பசளையாக்குகிறோம் என்றோம். பொலித்தீனும் கண்ணாடியும் கடைக்காரரே சேர்த்து வைக்க வேண்டும், ஊசியும் பஞ்சும் அவை வந்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும் என்றோம். சந்தைக்காரர் முதலில் சண்டை பிடித்தார்கள். பிறகு மணம் தாங்காமல் ஒத்துக்கொண்டார்கள். முதல் பசளையை ஹனிபா நானாவின் கத்தரிக்குப் போட்டோம், காய்த்ததைக் காட்ட ஒரு காயைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் குடியிருப்பு முழுவதும் சைக்கிளில் திரிந்தார். அவரே தன் குத்தகைக் காணியின் மேல்மூலையைக் காணிச் சொந்தக்காரரிடம் கிணற்றுக்குக் கேட்டு வாங்கித் தந்தார். இந்தத் தரம் அவர் சொன்ன ஆழத்துக்குப் போனோம். அலவாங்கு போட்டுக் கல்லை உடைத்து, வாளியைக் கட்டி மேலே இழுத்தது அதே கரைவலைக் கயிற்றில்தான். கல்லில் உரசி அறுந்து அறுந்து கயிறு பாதியாகிவிட்டது. கடைசியில் தண்ணீர் வந்தபோது, "கருவாட்டு வியாபாரி சொன்னது சரிதான்" என்று அப்பா நானாவின் கையைப் பிடித்துச் சொன்னார். எல்லாம் நேராகிவிட்டது என்று நினைக்காதே. இன்றைக்கும் மரக்கறிக்குள் சொப்பின் பை ஒளித்து வருகிறது, பொறுக்கி எடுத்துத் திருப்பி அனுப்புகிறோம். உங்கள் புத்தகங்களில் இதற்குச் சுற்றாடல் நீதி, சமூகப் பங்கேற்பு என்று பெரிய பெயர்கள் இருப்பதாகத் தங்கச்சி சொன்னாள். நாங்கள் பெயர் வைக்கவில்லை. எங்களுக்கு அது காலையில் எழும்பிச் செய்கிற வேலை.

ஆனால் நான் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததை. மிச்சக் குப்பை எங்கே போகிறது என்று நாங்கள் கேட்கவில்லை. ட்ரக்டர்காரர்தான் வந்து சொன்னார், பட்டணத்தின் மற்றப் பக்கத்தில் இன்னொரு குடியிருப்பின் ஓரம் கொட்டச் சொல்லிவிட்டார்கள் என்று. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து கலவரங்களில் அடிபட்டு ஓடிவந்து, எங்களுக்கும் முந்தியே இந்தப் பக்கம் குடியேறிய சனம். எங்களை விட இல்லாத சனம். எங்கள் ஆட்களில் சிலர், எங்கட கரைச்சல் முடிந்தது, இனி அது அவர்கள் பாடு என்றார்கள். உண்மையைச் சொன்னால் எல்லாருக்கும் களைப்பு. நீதான் அப்பாவிடம் கேட்டாய், "அப்ப அந்தப் பிள்ளையளுக்குக் காய்ச்சல் வராதோ?" என்று. உன் குரல் அப்போதுதான் உடைந்துகொண்டிருந்தது, பாதிக் கேள்வி கீச்சென்று வந்தது. யாரும் சிரிக்கவில்லை. பாஸுக்குக் காரணம் எழுதினோம். உண்மையான காரணத்தை எழுதினால் விட மாட்டார்கள் என்று, உறவினர் வீட்டில் பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு என்று எழுதினோம். ஒரே நாளில், ஒரே ஊரில், குடியிருப்புப் பெண்கள் எல்லாருக்கும் சாமத்தியவீடு. பாஸ் எழுதுகிறவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார், பெரிய குடும்பம் போல என்றார், ஓம் ஐயா மிகப் பெரிய குடும்பம் என்று பிலோமினா சொன்னாள். இருக்கிற நல்ல சேலையை எல்லாரும் உடுத்திக்கொண்டு, கயிற்றைச் சாக்கில் போட்டுக்கொண்டு போனோம். சாக்கைத் தூக்கினவன் நீ.

அந்தச் சனம் எங்களை முதலில் நம்பவில்லை. யாரும் ஒரு காரணமும் இல்லாமல் அவர்களுக்காக வந்து நின்றதில்லையாம். நீ சாக்கை அவிழ்த்துக் கயிற்றின் ஒரு நுனியை அவர்களுடைய பெண்களிடம் கொடுத்தாய், மறு நுனியில் நீயே நின்றாய். பின்னேரம் வரை நின்றாய், உள்ளங்கை உரிந்து போனது. ட்ரக்டர் அங்கேயும் கொட்டாமல் திரும்பிப் போனது. அவர்கள் கடைசி மாவைப் பிசைந்து ரொட்டி சுட்டு, அம்மியில் அரைத்த மிளகாய்ச் சம்பலோடு எங்கள் எல்லாருக்கும் பங்கு தந்தார்கள். நீ அதை நின்றபடியே சாப்பிட்டாய், இதைப் போல ஒரு ரொட்டி சாப்பிட்டதே இல்லை என்று வழி முழுவதும் சொல்லிக்கொண்டு வந்தாய். அதைத்தான் நான் உனக்குச் சொல்ல வருகிறேன். நீ கயிற்றில் கை வைத்தவன், பங்கும் வாங்கிச் சாப்பிட்டவன். எங்கள் கரையில் பங்கு வாங்கினவன் இடையில் கயிற்றை விட்டுவிட்டுப் போய், மேட்டில் நின்று வேடிக்கை பார்த்ததை நான் கண்டதில்லை. உனக்கு உத்தியோகம் கிடைத்தது எனக்கும் சந்தோஷம்தான், அப்பா நெடுக வீதியில் போகிறவர்களை மறித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்தக் கதிரைக்கு உன்னைப் படிக்க வைத்தது நிவாரண அரிசி விற்ற காசு மட்டும் என்று நினைக்காதே. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துச் செத்த பிள்ளையும் உன் படிப்புக்குள் இருக்கிறாள்.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். அந்த வெறுங்காணிக்குக் கையெழுத்து வைப்பதற்கு முன் அங்கே போ. ஜீப்பில் போகாதே, சைக்கிளில் போ. கொஞ்சக் குடும்பங்கள் என்று சொன்னாயே, அதில் ஒரு வீட்டுப் படலையில் நின்று குடிக்கத் தண்ணீர் கேள். தருவார்கள், தண்ணீர் கேட்டு வந்தவனை இல்லையென்று அனுப்புகிற வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. கொதிக்க வைத்ததா என்று கேட்காமல் செம்பை வாங்கிக் குடி. குடித்து முடித்த பிறகு, இந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் பட்டணத்துக் குப்பையைக் கொட்டப் போகிறேன் என்று அந்த வீட்டுப் பெண்ணின் முகத்தைப் பார்த்து உன் வாயால் சொல். சொல்ல முடிந்தால் கையெழுத்தை வை. முடியாவிட்டால் உன் மேலதிகாரியிடம் போய், பிரித்துக் கொட்டுகிற வழி ஒன்று இருக்கிறது, என் அம்மாவின் குடியிருப்பில் வந்து பாருங்கள் என்று சொல். உன் வேலை போகாது. போனாலும் இங்கே சோறு இருக்கிறது, ஹனிபா நானாவின் கத்தரிக்காயும் இருக்கிறது.

நீ கையெழுத்து வைத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டால் நாங்கள் அங்கே வருவோம். எதற்கு வருகிறீர்கள் என்று வழியில் கேட்டால் சாமத்தியவீடு என்று சொல்வோம். பிலோமினா இப்போதே சேலை எடுத்து வைத்துவிட்டாள். அப்பா கயிற்றை வெளியே எடுத்து வெயிலில் காயப் போட்டிருக்கிறார், பாதிக் கயிறென்றாலும் ஒரு பாதைக்குப் போதும் என்கிறார். வருவதற்கு எனக்குப் பயமில்லை, களைப்புமில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம், குப்பை ட்ரக்டரோடு உன்னைக் காணத்தான் எனக்கு மனமில்லை, மகனே.

அம்மா